ஓடுகிற நான்கு சிலிண்டரா, ஜாமான மூன்று சிலிண்டரா: மாஸி 35 வாங்கி மீட்டெடுப்பது பற்றி

மேழி

வணக்கம். மீட்டெடுப்பதற்காக ஒரு பழைய டிராக்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் மாஸி ஃபெர்குசன் 35.

அ வண்டி: 1958. ஸ்டாண்டர்ட் 23சி நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். ஓடுகிறது. புது பெயின்ட், புது டயர்.

ஆ வண்டி: 1961. பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர். என்ஜின் ஜாம், சுற்றவே இல்லை. வெகுகாலம் கூரைக்கு அடியில் நின்றிருக்கிறது. நான்கு டயரும் போய்விட்டன, பெயின்ட் வெளிறிவிட்டது. ஆனால் பானெட், கிரில், மட்கார்டு, பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் ஆர்ம்கள், டாப் லிங்க், டாஷ்போர்டு மீட்டர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

ஆ-வுக்குக் கேட்கும் விலை அ-வின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. லேசான கல்டிவேட்டர், சின்ன ட்ரெய்லர், இவ்வளவுதான் வேலை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியும், லேத் கிடையாது. எதை வைத்து முடிவெடுப்பது? இரண்டையும் விட்டுவிடலாமா?

பழைய இரும்பு

ஓடுகிற வண்டிதான். ஜாமான என்ஜின் என்பது மூடிய பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். மூன்றில் ஒரு பங்கு விலை பார்க்க நன்றாக இருக்கும், லைனர் (சிலிண்டரின் உள் உறை), பிஸ்டன், கிராங்க் (என்ஜினின் சுழல் தண்டு) சாணை எல்லாம் சேர்ந்ததும் அந்த லாபம் கரைந்துவிடும்.

ஸ்பேனர்17

நான் நேர் எதிராகச் சொல்வேன். ஓடுகிறதா இல்லையா என்பது ஐந்தாவது கேள்வி. முதல் நான்கு இவை.

வார்ப்பிரும்பு முழுசாக இருக்கிறதா? என்ஜின் பிளாக், ஹெட், கியர் பாக்ஸ் கூடு, பின் ஆக்ஸில் கூடு. இந்த வண்டிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, இந்தக் கூடுகள்தான் சேஸிஸ். ஒன்றில் விரிசல் இருந்தாலும் அது வண்டியின் முதுகெலும்பில் இருக்கிற விரிசல்.

உருப்படிகள் முழுசாக இருக்கின்றனவா? தொலைந்துபோன சின்னச் சின்ன சாமான்தான் நாளையும் காசையும் தின்னும். பிஸ்டன் செட் ஒரே அழைப்பில் வந்துவிடும். ஸ்டியரிங் நெடுவரிசையின் ஒரு பிராக்கெட்டுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

அந்த என்ஜினுக்கு இன்றைக்கும் சாமான் வருகிறதா? இங்கே இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம். ஆ-வில் இருக்கும் பெர்கின்ஸ் 3.152 குடும்பம் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் தயாரான என்ஜின். மாஸி 135லும் அதன் நேரடி இன்ஜெக்ஷன் தம்பிதான் உட்கார்ந்திருந்தது. கேஸ்கெட், லைனர், பேரிங், வால்வு எதுவும் கஷ்டமில்லை. 23சி 1956க்கும் 1959க்கும் இடையில்தான் 35ல் வந்தது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்குப் பேர்போன என்ஜின். சாமான் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும்.

நான்காவது, வண்டியின் எண் பலகையும் காகிதமும் ஒத்துப்போகின்றனவா? டாஷ்போர்டில் இருக்கும் வரிசை எண்ணைக் காகிதத்தோடு வைத்துப் பாருங்கள். ரிவெட் புதிதாக மின்னினால் கேள்வி கேளுங்கள்.

இந்த நான்கும் தேறினால் ஜாம் என்ஜின் பெரிய விஷயமே இல்லை.

எண்ணெய்க்கை

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு: புது பெயின்ட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். விற்பதற்கு முன் அடித்த பெயின்ட் விரிசலையும் மறைக்கும், கசிவையும் மறைக்கும். அ-வைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்". போனதும் முதலில் பிளாக்கில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குப் பார்ப்பது வீண், திரும்பி வந்துவிடுங்கள். 23சி-யின் உண்மை முழுவதும் அந்த முதல் குளிர் ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது.

பிறகு இந்த வரிசையில் போங்கள்.

எந்த எண்ணெயையும் வண்டி அசையும் முன் பாருங்கள். தண்ணீர் டீசலை விடவும் ஆயிலை விடவும் கனம், நின்ற வண்டியில் அடியில்தான் தங்கும். சம்ப்பின் (என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) அடி நட்டை முழுக்கக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கொஞ்சம் என்றால் ஈரக்காற்றின் வியர்வையாக இருக்கலாம். அரை லிட்டர் வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ லைனர் சீலோ பிளாக்கோ போயிருக்கிறது. 23சி-க்கு ஈர லைனர், லைனரின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேராகத் தொடும். அடி சீல் போனால் தண்ணீர் நேராகச் சம்ப்புக்கு. பெர்கின்ஸ் 3.152க்கு உலர் லைனர், அந்த வழி அதற்குக் கிடையாது.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஓடவிடுங்கள். குளிர்ந்த என்ஜினில் முதல் நிமிடத்திலேயே தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி சரி. புகை தள்ளித் தள்ளி வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன.

வெள்ளைப் புகை சூடானதும் மறைய வேண்டும். சூடான பிறகும் வெள்ளையாக வந்து கண் எரிந்தால் எரியாத டீசல்: கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) குறைவு, நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) கோளாறு, டீசல் பீய்ச்சும் டைமிங் தள்ளிப்போனது, இவற்றில் ஒன்று. நீலப் புகை ஆயில். லோடு கொடுக்கும்போது லேசான கறுப்பு இயல்பு.

கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்க்க விட்டால் கட்டாயம் பாருங்கள். நல்ல பேட்டரியோடு சுற்றினால் இந்த வகை டீசலில் 350 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில் வர வேண்டும். 300க்குக் கீழே போனால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. எண்ணை விட முக்கியம் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். ஒன்று மட்டும் 50க்கு மேல் குறைந்திருந்தால் அந்த ஒன்றில் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது.

மண்புழு

என்ஜினையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஃபெர்குசன் வண்டி வாங்குவதே ஹைட்ராலிக்குக்காகத்தான், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் கருவியைத் தூக்கும் அமைப்புக்காக.

பம்ப் பின் ஆக்ஸில் கூட்டுக்கு உள்ளே, எண்ணெயில் மூழ்கி இருக்கிறது. நான்கு பிஸ்டன் பம்ப். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய், சுமார் 30 லிட்டர். ஆகவே கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அது பம்ப்பையும் சேர்த்துத்தான் தின்றுகொண்டிருக்கிறது. கியர் லீவர் ரப்பர் கிழிந்தால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். பெரும்பாலும் அதுதான் காரணம்.

சோதனை: பின்னால் கனமான கருவி ஒன்றை மாட்டித் தூக்குங்கள். எண்ணெய் சூடாகும்வரை, அதாவது இருபது நிமிடமாவது ஓடவிட்டு மறுபடி தூக்குங்கள். குளிரில் தூக்கி, சூட்டில் தூக்காவிட்டால் தேய்மானம். கெட்டியான எண்ணெய் மறைத்து வைத்ததை இளகிய எண்ணெய் காட்டிக்கொடுக்கும். தூக்கி நிற்கும்போது ஆர்ம் விட்டுவிட்டுத் தலையாட்டினால் எங்கோ எண்ணெய் கசிகிறது, பம்ப் திரும்பத் திரும்ப ஈடுகட்டுகிறது. லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் ரிங், பம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயின் ஓ-ரிங், பம்ப் வால்வுகள், இந்த மூன்றில் தேடுங்கள். ஓ-ரிங் என்றால் மேல் மூடியைத் தூக்கினால் போதும், செலவு அற்பம். பம்ப்பே போயிருந்தால் அதை வெளியே எடுக்க வேண்டும்.

ஆ ஓடாததால் இந்தச் சோதனை முடியாது. ஆகவே ஹைட்ராலிக் கெட்டதாகவே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இன்னொன்று. 35க்கு முந்தைய ஃபெர்குசன் டி.இ.20 பார்க்கப் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: அதில் பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் பின் தண்டு) லீவரைப் போட்டால்தான் பம்ப்பே சுற்றும். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று ஒதுக்குவதற்கு முன் அந்த லீவரைப் பாருங்கள்.

கம்பிச்சுருள்

மின்சாரம் இந்த வண்டியில் கடைசிக் கவலை. முழு வயரிங்கையும் ஒரு விடுமுறை நாளில் புதிதாக இழுத்துவிடலாம். மூன்று விஷயம் மட்டும்.

பேட்டரியின் ப்ளஸ் முனைதான் பாடியில் இருக்கும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். பழக்கத்தில் மைனஸைப் பாடியில் மாட்டினால் டைனமோவோடு சண்டை வரும். ஆல்டர்னேட்டர் போட்டு மாற்றியிருந்தால் மைனஸ் பாடியாகியிருக்கும். ஆகவே கேட்காமல், பார்க்காமல் ஒயரைத் தொட வேண்டாம்.

ஹை-லோ (வேக வரம்பு மாற்றும்) லீவரில் ஸ்டார்ட் நிலை ஒன்று இருக்கிறது. அங்கே வைத்தால்தான் செல்ஃப் சுற்ற வேண்டும். பல வண்டிகளில் இதைத் தவிர்த்துவிட்டுத் தனிப் பொத்தான் வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் கியரில் இருக்கும்போதே வண்டி ஸ்டார்ட் ஆகி, கீழே நிற்பவர் மேல் ஏறும். வாங்கினால் முதல் வேலையாக அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். கார் கேபிள் மெல்லியது. டீசலுக்குத் தடித்த கேபிள் வேண்டும், பாடி கேபிளை சுரண்டித் துடைத்த இரும்பில் நேராக முடுக்க வேண்டும். நான்கு சிலிண்டர் 23சி-க்கு இது உயிர்நாடி. சுற்றும் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அது பற்றாது.

மேழி

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையில் இரண்டையும் பார்த்தாயிற்று. குறிப்புகள் இதோ.

அ: பிளாக் குளிர்ந்திருந்தது. நீண்ட நேரம் சுற்றிய பின்தான் பிடித்தது, வெள்ளைப் புகை. சூடானதும் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. கம்ப்ரஷன் 310, 320, 250, 315. பிளாக்கின் இடப்பக்கம் பெயின்ட்டுக்கு அடியில் ஒரு கோடு, விரல் நகம் மாட்டுகிறது. கிளட்ச் கூட்டின் அடித்துளையில் எண்ணெய் சொட்டு. லிஃப்ட் சூட்டில் தூக்குகிறது, கொஞ்சம் தலையாட்டுகிறது.

ஆ: சம்ப்பில் முதலில் இரண்டு மூன்று கரண்டி தண்ணீர், பிறகு கறுப்பு ஆயில். கியர் எண்ணெய் வெளுத்திருக்கிறது, லீவர் ரப்பர் இல்லவே இல்லை. வார்ப்பில் விரிசல் எதுவும் கண்ணுக்குப் படவில்லை. நாசில்கள் அப்படியே மாட்டியிருக்கின்றன. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பா கவிழ்த்திருக்கிறது. முன் ஆக்ஸில் நடுப்பின்னில் ஆட்டம். ஸ்டியரிங் வளையம் நான்கு விரல் அளவு வெறுமனே சுற்றுகிறது. பின் ரிம்மில் வால்வைச் சுற்றி இரும்பு பொரிந்து ஓட்டை.

ஸ்பேனர்17

அ-வை விட்டுவிடுங்கள் தம்பி. மூன்றாவது சிலிண்டரில் 250, பிளாக்கில் நகம் மாட்டும் கோடு. வார்ப்பிரும்பு விரிசலைத் தைக்கலாம், பிளாக்கை முழுக்கச் சூடாக்கி வெல்டிங்கும் செய்யலாம், இரண்டுமே தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் உறைகிற குளிரில், உறைதடுப்பான் கலக்காத தண்ணீரோடு நின்ற பிளாக் இப்படித்தான் பக்கவாட்டில், நீளவாக்கில் பிளக்கும். பட்டி போட்டு பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றால் விற்பவருக்கும் தெரியும்.

ஆ-வின் குறிப்பில் எனக்குப் பிடித்தது அந்தத் தகர டப்பா. சைலன்சர் வாய் மூடியிருந்தால் மழைத்தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்காது. மெல்லிய துருப் பிடிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். திறந்த வாயோடு வெட்டவெளியில் நின்ற என்ஜின் என்றால், எந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நின்றதோ அந்த லைனர் போயிருக்கும்.

பழைய இரும்பு

அ-வைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், விரிசல் இருக்கிற பிளாக்குக்கு நான் வாதாட மாட்டேன். ஆனால் ஆ-வையும் கணக்கு எழுதாமல் வாங்க வேண்டாம்.

ஒரு தாளில் எட்டு வரி போடுங்கள்: என்ஜின், கிளட்ச், ஹைட்ராலிக், பிரேக்கும் ஆக்ஸில் சீலும், ஸ்டியரிங்கும் முன் ஆக்ஸிலும், டயரும் ரிம்மும், மின்சாரம், தகர வேலையும் பெயின்ட்டும். திறந்து பார்க்காத எந்த உருப்படிக்கும் முழு ரிப்பேர் விலையை எழுதுங்கள். அதிர்ஷ்டத்துக்கு ஒரு பைசாவும் கழிக்காதீர்கள். கூட்டியதோடு மூன்றில் ஒரு பங்கைச் சேருங்கள், நட்டு, கேஸ்கெட், எண்ணெய், துடைக்கும் துணி, வண்டி வாடகை எல்லாம் அதில்தான் போகும். அந்தத் தொகையையும் வாங்கும் விலையையும் சேர்த்தால் பெரும்பாலும் மீட்டெடுத்த வண்டியின் சந்தை விலையைத் தாண்டும். தாண்டினாலும் மனம் ஒப்பினால் வாங்கலாம். லாபத்துக்கு என்றால் வேண்டவே வேண்டாம்.

ஆ-வில் டயர் பெரிய வரி. பின்னால் பழைய அளவு 10-28 அல்லது 11-28 என்று இருக்கும், இன்றைக்கு அதை 11.2-28, 12.4-28 என்று கேட்க வேண்டும். முன்னால் 6.00-16. ரிம் பொரிந்திருப்பதற்குக் காரணம் டயருக்குள் கனத்துக்காக ஊற்றிய கால்சியம் குளோரைடு கரைசல். வால்வு வழியாகக் கசிந்து ரிம்மைத் தின்றிருக்கிறது. ஓட்டை சின்னது என்றால் தகடு வைத்து வெல்டிங் பண்ணலாம், ஆனால் டயரைக் கழற்றிய பிறகு மட்டும். டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் வைத்தால், காற்றை இறக்கியிருந்தாலும், டயர் வெடித்து ஆளைக் கொல்லும்.

எண்ணெய்க்கை

விலை பேசும் முன் இன்னொரு சோதனை கேட்டுப்பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரையை முட்டுக்கொடுத்து மெல்ல நெம்புங்கள். இரண்டு பக்கமும். ஒரு பல் அளவு அசைந்தாலும் நல்ல சேதி. கிராங்க் முன் நட்டில் பெரிய ஸ்பேனர் போட்டுத் தொங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு ஜாம் எடுக்கும் முறை:

முதலில் ராக்கர் ஷாஃப்டை (வால்வுகளை அமுக்கும் கைகள் உட்காரும் தண்டு) கழற்றிவிடுங்கள். வால்வு துருவில் பிடித்திருக்கும்போது கிராங்க் சுற்றினால் புஷ் ராடு வளையும். ராக்கர் இல்லாவிட்டால், துருவில் பிடித்து நிற்காத வால்வெல்லாம் மூடியே நிற்கும்.

நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், தீப்பற்றும். பக்கத்தில் வெல்டிங், பீடி எதுவும் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை அளவு பார்த்து ஊற்றுங்கள். எந்தச் சிலிண்டரில் குறையவே இல்லையோ அதுதான் இறுகப் பிடித்திருக்கும் சிலிண்டர்.

தினமும் முன்னும் பின்னும் நெம்புங்கள். ஒரே பக்கமாக முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். அசையத் தொடங்கியதும் அதே இடத்தில் ஆட்டி ஆட்டி அகலப்படுத்த வேண்டும். துருத் தூள் ரிங் பள்ளத்தில் ஏறினால் மறுபடி பிடிக்கும்.

கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்து ஜாம் எடுக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பின் சக்கரத்தின் நெம்பு விசை முழுவதும் கனெக்டிங் ராடு மேல் இறங்கும். ராடு வளைந்தால் வெளியே தெரியாது, ஓட ஆரம்பித்த பிறகு லைனரைச் சாய்வாகத் தேய்க்கும்.

அசையவே இல்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். பிஸ்டன் விட்டத்துக்குக் கடைந்த மரக்கட்டையை வைத்து, நடு ஓட்டத்தில் நிற்கும் பிஸ்டனை மட்டும் தட்டுங்கள். மேல் எல்லையில் நிற்கும் பிஸ்டனைத் தட்டினால் அடி முழுக்க கிராங்குக்கும் பேரிங்குக்கும் போகிறது, பிஸ்டனை நகர்த்தாது.

மேழி

நெம்பிப் பார்க்க அனுமதித்தார். இரண்டு பல் அளவு ஆடுகிறது. விலையும் குறைந்தது. ஆ-வை எடுக்கிறேன். என்ஜின் விடுபட்டால் அப்படியே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா, இல்லை பிரித்துவிடுவதா?

ஸ்பேனர்17

பிரியுங்கள். இந்த வண்டியை எப்படியும் நடுவில் பிரிக்கத்தான் வேண்டும். இவ்வளவு காலம் நின்ற கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கும், கிராங்கின் பின் சீல் காய்ந்திருக்கும். என்ஜின் தனியாக வந்த பிறகு சம்ப்பைத் திறக்காமல் விடுவது நியாயமில்லை.

பிரிக்கும்போது கவனம். வண்டி சுமார் 1,400 கிலோ. முன் ஆக்ஸில் நடுப்பின்னில் ஊஞ்சல் மாதிரி ஆடும், பிரித்ததும் என்ஜின் பாதி பக்கவாட்டில் சாயும். ஆகவே ஆக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்த பிறகுதான் முதல் போல்ட்டில் கை வைக்க வேண்டும். முன் ஆக்ஸிலிலிருந்து பின்னால் வரும் ரேடியஸ் ராடு இரண்டு, ஸ்டியரிங் ராடு இரண்டு, ஆக்ஸிலரேட்டர் கம்பி, மீட்டர் கேபிள், ஒயரிங், சைலன்சர் எல்லாம் கழற்றியாக வேண்டும். பின் பாதியைக் கனமான ஸ்டாண்டில் உட்காரவைத்து சக்கரத்துக்கு முட்டுக்கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி இரண்டுக்கும் நடுவில் ஆள் நுழையக்கூடாது.

சேர்க்கும்போது இதை விடக் கவனம். இரட்டைக் கிளட்ச் வண்டி என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஷாஃப்ட், இரண்டு பிளேட். மையம் பிடிக்கும் கருவி இல்லாமல் பிளேட்டை முடுக்கினால் சேராது. கடைசி இடைவெளியைக் கையால் தள்ளி மூட முடியவில்லை என்றால் ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் நீளப் பல் வரிகள்) நேராக இல்லை. போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்த்தால் கூட்டின் காது உடையும் அல்லது பிளேட்டின் நடுக்குடம் நசுங்கும். கிராங்கைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி தள்ளுங்கள்.

பிரேக் ஷூ, பழைய கிளட்ச் தூசியை ஏர் பிடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியை மூட்டையாகக் கட்டிப் போடுங்கள்.

எண்ணெய்க்கை

ஃப்ளைவீல் வெளியே இருக்கும்போது ரிங் கியரைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது எப்போதும் ஏதோ ஒரு கம்ப்ரஷனுக்கு முன்னால்தான் நிற்கும், ஆகவே செல்ஃப் மூன்றே இடத்தில்தான் பல்லைக் கடிக்கும். அந்த மூன்று இடமும் தேய்ந்திருக்கும், மற்ற பல் புதிதாக இருக்கும். நான்கு சிலிண்டரில் அது இரண்டு இடம். புது ரிங் வாங்க வசதியில்லை என்றால் பழையதைச் சூடாக்கிக் கழற்றி 60 டிகிரி திருப்பி உட்காரவைத்தால் நல்ல பல் அந்த இடத்துக்கு வரும். சுமார் 245 டிகிரி செல்சியஸ் போதும். சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் பல்லின் கடினம் போய்விடும்.

பின் சீல் இந்த என்ஜினில் கயிறு வகை. அரைவட்டக் கூட்டில் உருண்டைக் கம்பியால் உருட்டி அமுக்கி, முனைகள் இணைப்பு முகத்துக்கு மேலே 0.25 முதல் 0.50 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். சமமாக வெட்டினால் இணைப்பில் கசியும். கிராஃபைட் கிரீஸ் பூசி மாட்டுங்கள். கிளட்ச் கூட்டின் அடித்துளையில் கோட்டர் பின் தொங்கும், அது துளை அடைக்காமல் இருப்பதற்காக. எறிந்துவிடாதீர்கள். பின்னால் அங்கே எண்ணெய் சொட்டினால் முகர்ந்து பாருங்கள்: கறுப்பாக டீசல் வாடை என்றால் இந்தச் சீல், தெளிந்த கெட்டி எண்ணெய் என்றால் கியர் பாக்ஸ் பக்கம்.

லைனரில் நகம் மாட்டும் குழி இருந்தால் மாற்றுங்கள், வெறும் கறை என்றால் ஹோன் (கல்லால் லேசாகத் தேய்ப்பது) போதும். உலர் லைனர் மெல்லியது. பழையதை இழுத்தபின் பிளாக்கின் துளையைக் கண்ணாடி போலத் துடைக்க வேண்டும். நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அந்த இடத்தில் லைனர் உள்பக்கம் உப்பும், பிஸ்டன் அங்கே பிடிக்கும். புது லைனர் முழுக்கக் கடைந்ததா, மாட்டிய பிறகு போரிங் போட வேண்டியதா என்று வாங்கும்போதே கேளுங்கள். லேத் இல்லை என்றீர்கள், இரண்டாவது வகை என்றால் பட்டறைச் செலவு சேரும். பிஸ்டன் மாட்டியதும் மேல் எல்லையில் அது பிளாக் முகத்துக்கு எவ்வளவு மேலே வருகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். அளவைக் கையேட்டோடு ஒப்பிடாமல் ஹெட்டை மூடவே கூடாது.

கிராங்கை 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று மூன்று படி சாணை பிடிக்கலாம். ஏற்கெனவே எந்தப் படியில் இருக்கிறது என்று பழைய பேரிங்கின் முதுகில் அடித்திருப்பார்கள். கடைசிப் படி என்றால் வேறு கிராங்க்தான். மேழி, ஒரே ஒரு உறுப்பு உங்கள் கணக்கை உடைக்கும் என்றால் அது இதுதான்.

வால்வு இடைவெளி குளிரில் 0.30 மி.மீ.

துருவேட்டை

பெயின்ட் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் இப்போதே சொல்ல வேண்டும். வெளிறிய பெயின்ட் என்றால் அது அசல் பெயின்ட்டாக இருக்கலாம். ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். பெர்கின்ஸ் 35க்குத் தகரம் சிவப்பு, உடல் சாம்பல். தொடக்ககால எஃப்.இ.35 என்றால் தகரம் சாம்பல், உடல் தங்கநிறம். அசல் பெயின்ட்டும் எழுத்துகளும் பாதிக்கு மேல் தங்கியிருந்தால் கழுவி, ஆளிவிதை எண்ணெய் பூசி அப்படியே வைத்துக்கொள்ளலாம். உரித்த பெயின்ட் திரும்ப வராது.

உரித்தே ஆக வேண்டும் என்றால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், முகமூடி. சின்ன சாமான்களுக்கு வாஷிங் சோடாக் கரைசலில் மின்பகுப்பு அருமையாக வேலை செய்யும். எதிர்முனைக்கு சாதா இரும்பு மட்டும். ஸ்டெயின்லெஸ் தகடு போட்டால் நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

டீசல் டேங்க்கை மறக்க வேண்டாம். சிட்ரிக் அமிலக் கரைசலை ஒரு இரவு ஊறவிட்டு, உள்ளே ஒரு மெல்லிய சங்கிலியைப் போட்டுக் குலுக்கிக் கழுவி, உடனே உலர்த்தி டீசல் பூசுங்கள். டேங்க்கில் மிச்சமிருக்கும் துரு முதல் மணி நேரத்திலேயே டீசல் பம்ப்புக்குப் போகும்.

மண்புழு

கியர் எண்ணெய் வெளுத்ததற்கு: வடித்துவிட்டுப் பாதி டீசல் பாதி மலிவு எண்ணெய் ஊற்றி, பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஓடவிட்டுக் கழுவுவார்கள். கூடாது. டீசல் கலந்தால் பம்ப் பிஸ்டன்கள் காய்ந்து உரசும். என்ஜின் இல்லாத இந்த நேரத்தில் மேல் மூடியைத் தூக்கி, அடியில் படிந்த சேற்றைக் கையால் வழித்தெடுத்து, வடிகட்டியைக் கழுவிவிடுங்கள். பிறகு முழுப் புது எண்ணெய் ஊற்றி, ஐம்பது மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள். மூடி திறந்திருக்கும்போதே ஓ-ரிங் அனைத்தையும் மாற்றிவிடுவது நல்லது. லீவர் ரப்பரையும் அன்றைக்கே போடுங்கள்.

கம்பிச்சுருள்

டைனமோ ரொம்ப நாள் சும்மா கிடந்ததால் காந்தம் செத்திருக்கும். பேட்டரி மாட்டிய பிறகு ஃபீல்டு முனையை ஒரு நொடி உயிர் ஒயரில் தொட்டு எடுத்தால் மறுபடி உயிர் பெறும். இதைச் செய்யாமல் டைனமோ போய்விட்டது என்று எறிந்தவர்கள் நிறைய.

மேழி

என்ஜின் சேர்ந்த பிறகு முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன வரிசை?

எண்ணெய்க்கை

நாசில்கள் இல்லாமல், ஸ்டாப் லீவர் இழுத்த நிலையில் செல்ஃப் போட்டுச் சுற்றி, ஆயில் மீட்டரில் முள் எழும்வரை பாருங்கள். பத்து நொடி சுற்றி ஒரு நிமிடம் ஓய்வு, செல்ஃப் எரியக்கூடாது. முள் எழாமல் டீசல் கொடுக்காதீர்கள். பிறகு நாசில்களை மாட்டி, டீசல் பம்ப்புக்கு வரும் வரை ஏர் எடுங்கள். இந்த வண்டியின் சி.ஏ.வி. டி.பி.ஏ. டீசல் பம்ப்பில் இரண்டு ஏர் ஸ்க்ரூ: கவர்னர் மூடியில் ஒன்று, பக்கவாட்டில் அந்த பம்ப்பின் ஹைட்ராலிக் தலையில் ஒன்று. கை பம்ப் அடிக்கும்போது குமிழி நின்று டீசல் நூலாக வர வேண்டும். பிறகு நாசில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் போட்டு, டீசல் சொட்டியதும் முடுக்குங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையை வைக்காதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி இல்லாவிட்டாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

ஸ்டார்ட் பண்ணும் முன் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, என்ஜினின் காற்று வாயை முழுக்க மூடும் அளவுக்கு ரப்பர் ஒட்டிய தடித்த பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். நீண்டநாள் நின்ற பம்ப்பின் உள்வால்வு ஒட்டிக்கொண்டால் என்ஜின் தானாக வேகம் ஏறும், ஸ்டாப் லீவர் கேட்காது. உள்ளங்கையால் மூடக்கூடாது. துணியையும் இழுத்துக்கொள்ளும்.

சூடானதும் ஆயில் பிரஷர் வேலை செய்யும் வேகத்தில் 30க்கும் 60 பி.எஸ்.ஐ.க்கும் நடுவில் நிற்க வேண்டும். அணைத்து, ஹெட் நட்டுகளைக் கையேட்டு வரிசையில் மறுபடி டார்க் (முடுக்கும் விசை) பாருங்கள், பிறகு வால்வு இடைவெளியையும் மறுபடி வையுங்கள். ஹெட் நட்டைத் தொட்டால் இடைவெளி மாறும், ஆகவே இந்த வரிசை மாறக்கூடாது.

ஸ்பேனர்17

முதல் ஓட்டத்துக்கு முன் பிரேக். ஆக்ஸில் சீல் கசிந்து ஷூ எண்ணெயில் ஊறியிருந்தால் துடைத்து மாட்டாதீர்கள், லைனிங் உள்ளே குடித்த எண்ணெய் சூட்டில் வெளியே வரும். புது ஷூ, புது சீல். இடது வலது இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்கிறதா என்று மண் தரையில் பாருங்கள்.

கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் வண்டிக்குக் கிடையாது. மாட்ட முடிந்தால் இருக்கைப் பட்டியோடு மாட்டுங்கள், பட்டி இல்லாத சட்டகம் ஆளைக் காக்காது. ட்ரெய்லரை அடி டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் துளையிலோ ஆக்ஸிலுக்கு மேலே எங்கேயாவதோ சங்கிலி கட்டி இழுத்தால் முன் சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாகப் புரளும், கிளட்ச்சை மிதிக்க நேரம் இருக்காது.

மேழி

ஸ்டியரிங் ஆட்டத்துக்குப் பெட்டியை மாற்றணுமா?

ஸ்பேனர்17

முதலில் பெட்டியைத் தொடாதீர்கள். ஒருவர் வளையத்தை ஆட்ட, இன்னொருவர் கீழே விரலால் ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்கட்டும். நான்கு பந்து மூட்டு, இரண்டு கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) புஷ், நடுப்பின் புஷ். ஆட்டத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். அவை மாறிய பிறகும் இரண்டு விரலுக்கு மேல் ஆடினால் பெட்டியைத் திறந்து ஷிம் (மெல்லிய இடைத்தகடு) குறைக்கலாம். நேர்முகமாக நிற்கும்போது இறுக்கிவிட்டு, முழுக்கத் திருப்பி இரண்டு எல்லையிலும் சிக்கவில்லை என்று பாருங்கள். பெட்டி தேய்வது எப்போதும் நடுவில், ஓரம் புதிதாகவே இருக்கும், அதனால் நடுவுக்கு இறுக்கியது ஓரத்தில் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் ஷிம்மைத் திரும்பப் போட்டுவிட்டு, உள்ளிருக்கும் நட்டும் ஷாஃப்டும் மாற்றுங்கள்.